பரிசமாக வந்த நகரம்

லிஸ்பன் மாநகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் கடந்தபின், திராட்சைத் தோட்டங்களும் பேரிக்காய்த் தோப்புகளும் மாறி மாறி வரும் மேடுபள்ளமான நிலத்தின் நடுவே, மதிலை ஒட்டியாணம்போல் அணிந்து நிற்கும் ஒரு குன்று கண்ணில் படுகிறது. அதுதான் ஓபிதோஸ். உயரத்தை மட்டும் கணக்கிட்டால் அதை மலை என்று சொல்வது மிகையே. கடல் மட்டத்துக்கு மேல் அது ஏறத்தாழ 80 மீட்டர்தான். ஆயினும், அதன் அடிவாரத்தில் விரிந்து கிடக்கும் வயல்வெளி பாய் விரித்தாற்போல் சமதளமாக இருப்பதாலும், அந்த வயல்வெளி ஒருகாலத்தில் கடல்நீர் உள்ளே புகுந்து தேங்கிய காயலாக இருந்ததாலும், அக்குன்று தன் உயரத்துக்கு மீறிய கம்பீரத்தோடு காட்சியளிக்கிறது. அன்று அதன் காலடி வரை படகுகள் வந்தன. இன்று காயல் மணல் தூர்ந்து பல கிலோமீட்டர் மேற்கே ஒதுங்கிவிட்டது.

நகருக்குள் பிரவேசிக்கத் தென்புறத்துப் பெருவாயிலே ராஜபாட்டை. அந்த வாயில் நேராகத் திறப்பதில்லை. முதல் வளைவைக் கடந்தவுடன் சுவர் முகத்தில் இடிப்பதுபோல் எதிரே வந்து நிற்க, உடலைத் திருப்பித்தான் இரண்டாம் வளைவைக் காண வேண்டும். குதிரைமேல் பாய்ந்து வரும் பகைவன் அந்தத் திருப்பத்தில் வேகம் இழந்து திணறட்டும் என்று இடைக்காலச் சிற்பிகள் செய்த உபாயம் அது. ஆனால், யுத்தத்துக்காகக் கட்டிய அந்த இருட்டுச் சந்தின் உட்புறம், பதினெட்டாம் நூற்றாண்டில் யாரோ புண்ணியவான்கள் ஒரு சிறு பிரார்த்தனை மாடத்தை அமைத்து, அதன் சுவர் முழுவதும் இயேசுபிரானின் பாடுகளைச் சித்திரிக்கும் நீலநிற ஓடுகளைப் பதித்திருக்கிறார்கள். வெயிலிலிருந்து உள்ளே நுழையும் கண்ணுக்கு முதலில் ஒன்றும் புலப்படவில்லை. சற்று நின்றால், இருளிலிருந்து நீலம் மெல்ல மெல்லத் துலங்கி வருகிறது. நான் அங்கே நெடுநேரம் நின்றேன். அப்பால், சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவர்களின் அடிப்பாகத்தில் நீலமும் மஞ்சளுமாகப் பட்டை தீட்டிய வீடுகள் இருமருங்கும் நெருங்கி நிற்க, கோட்டையை நோக்கி ஒரே தெரு ஏறிச் செல்கிறது.

அந்தத் தெருவில் நடப்பவர்கள் கையில் வைத்திருக்கும் வழிகாட்டி நூல்களெல்லாம் அரசர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லுகின்றன: இன்னார் பிடித்தார், இன்னார் கட்டினார், இன்னார் பழுது பார்த்தார் என்று. அது பொய்யன்று. ஆனால் ஓபிதோஸின் சரித்திரத்தை அந்த வரிசையில் வைத்துப் படித்தால் அதன் உயிர்நிலை கைக்கு அகப்படாமல் நழுவிவிடும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் இவ்வூர் போர்த்துகல் நாட்டு மகாராணிகளின் சொந்தச் சொத்தாக இருந்தது. ஒரு ராணிக்கு அளிக்கப்படும், அவளுக்குப்பின் அடுத்த ராணிக்குச் சேரும். வரி அவள் பொக்கிஷத்துக்குப் போயிற்று. நீதி வழங்கும் அதிகாரியை நியமிப்பவளும் அவளே. இந்தச் சொத்துத் தொகுதியைப் போர்த்துகீசியர் 'ராணிகளின் இல்லம்' என்று அழைத்தனர். சிந்த்ரா, அலெங்கேர், தோரெஸ் வெத்ராஸ் முதலிய ஊர்களும் காலப்போக்கில் அதில் சேர்ந்தன. ஓபிதோஸ் அவற்றுள் தலைமை பெற்றவற்றில் ஒன்று.

பூர்வ சரித்திரத்தை இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். ரோமானியர் காலத்தில் குன்றுக்கு அருகே எபுரோபிரித்தியம் என்ற நகரம் இருந்தது. நெடுஞ்சாலை போடும்போதுதான் சென்ற நூற்றாண்டின் இறுதியில் அதன் இடிபாடுகள் வெளிப்பட்டன. பின்னர் குன்றின்மேல் அராபியர் கோட்டை எழுந்தது. போர்த்துகலின் முதல் அரசனான அபோன்ஸோ ஹென்ரிக்ஸ், 1147-ஆம் ஆண்டு அக்டோபரில் லிஸ்பனைக் கைப்பற்றி, மறு ஆண்டு ஜனவரியில் ஓபிதோஸையும் கைப்பற்றினான். நூறு ஆண்டுகளுக்குப்பின், இரண்டாம் சாஞ்ச்சோவுக்கும் அவன் தம்பிக்கும் அரசுரிமைப் போர் மூண்டபோது, தோற்கும் பக்கம் என்று தெரிந்தும் இவ்வூர் அண்ணனைக் கைவிடாமல் முற்றுகையைத் தாங்கி நின்றது. 'என்றும் விசுவாசமுள்ள ஊர்' என்ற விருது அதனால் கிடைத்ததென்பர். இன்று காணும் மதிலும் கோபுரமும் பெரும்பாலும் பதினான்காம் நூற்றாண்டில் பெர்னாந்தோ அரசன் புதுப்பித்தவையும், அதற்குப்பின் பலமுறை செப்பனிட்டவையுமே.

இனி, ராணிகளிடம் வருவோம். ஊரில் எவரைக் கேட்டாலும் சொல்லும் கதை ஒன்றுண்டு. தினீஸ் என்னும் அரசன் புதுமணப்பெண்ணான அரகோன் தேசத்து இஸபெலை இங்கே அழைத்து வந்தானாம். அவள் மதில்மீது நின்று வெண்ணிற வீடுகளைப் பார்த்து மெய்மறந்தாளாம். அந்த ஆனந்தத்தைக் கண்ட அரசன், ஓர் ஆபரணத்தைக் கழற்றிக் கொடுப்பதுபோல் ஊரையே அவளுக்குக் கொடுத்துவிட்டானாம். கேட்பதற்கு இனிமையான கதை. ஆனால், ஓபிதோஸ் உள்ளிட்ட ஊர்களை இஸபெலுக்கு எழுதிக் கொடுத்த சாசனம் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்தது; அவள் போர்த்துகல் மண்ணை மிதித்ததோ 1282-ல்தான். அவள் ஊரைக் காண்பதற்கு முன்பே ஊர் அவளுடையதாயிற்று. நம் வழக்கில் சீதனம் என்பது பெண்வீட்டார் கொடுத்தனுப்புவது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் போடுவது பரிசம். இது பரிசம். இரு ராஜ்யங்களின் தூதர்கள் பேசி முடித்த கல்யாண ஒப்பந்தத்தில், கணவன் இறந்தாலும் பெண் அநாதையாக நிற்கலாகாது என்ற முன்யோசனையோடு சேர்க்கப்பட்ட ஜீவனாம்சம். கதையைவிடச் சாசனமே எனக்கு அதிகமாக உருக்கம் தருகிறது. பதினொரு வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு சிறுமிக்காக, அவள் பார்த்தறியாத தேசத்தில், அவள் பெற்றோரின் பிரதிநிதிகள் மதில் சூழ்ந்த ஓர் ஊரைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள் அல்லவா?

அந்தச் சிறுமி வளர்ந்து, ஏழைகளுக்கு அன்னமிட்டு, கணவனுக்கும் மகனுக்கும் நடந்த சண்டையில் குறுக்கே நின்று சமாதானம் செய்வித்து, இறந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப்பின் 1625-ல் ரோமாபுரியில் புனிதையாகப் பிரகடனம் செய்யப்பட்டாள். முந்தானையில் மறைத்த அப்பங்கள் ரோஜா மலர்களாக மாறிய ஐதிகம் அவளுடையது.

தெரு சற்றே இறங்கித் திறக்கும் சதுக்கத்தில் சாந்தா மரியா ஆலயம் நிற்கிறது. தரையிலிருந்து தலைக்கு மேல் வெகுதூரம் வரை நீல ஓடுகள் பதித்த சுவர்கள். 1441-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி, மாதா விண்ணேற்படைந்த திருநாளில், ஐந்தாம் அபோன்ஸோ என்ற பாலகனுக்கும் அவன் சிற்றப்பன் மகள் இஸபெலுக்கும் இங்கேதான் திருமணம் நடந்தது. மணமகனுக்கு ஒன்பது வயது. மணமகளுக்கும் அதே வயது. பட்டத்துக்கு வந்த பாலகனின் தந்தை இறந்துவிட்டார். அந்நிய தேசத்துப் பெண்ணான தாய், ஆட்சிப் பொறுப்பைப் பறிகொடுத்து ராஜ்யத்தைவிட்டு வெளியேறியிருந்தாள். சிற்றப்பனான பேத்ரோ இளவரசரே அரசப் பிரதிநிதியாக நாட்டை ஆண்டுகொண்டிருந்தார். தம் மகளைச் சிறுவனான அரசனுக்கு மணமுடித்துவிட்டால், அவன் வளர்ந்து பட்டம் ஏற்கும் நாளிலும் தமக்கு ஆபத்து இராது என்று அவர் எண்ணியிருக்கக்கூடும்.

அந்த எண்ணம் பலிக்கவில்லை. அரசன் வயதுக்கு வந்தபின் பேத்ரோவின் விரோதிகள் அவன் செவியைப் பற்றிக்கொண்டனர். 1449-ல் அல்பரோபெய்ரா என்னுமிடத்தில் மாமனாரும் மருமகனும் படைகளோடு எதிர்ப்பட்டனர். மாமனார் களத்தில் மாண்டார். ராஜத்துரோகி என்று அவர் உடலுக்கு உரிய மரியாதை மறுக்கப்பட்டது. இஸபெல் கணவனைவிட்டுப் பிரியவும் இல்லை, தந்தையை மறக்கவும் இல்லை. ஆறு ஆண்டுகள் விடாமல் மன்றாடினாள். 1455-ல் அவள் தந்தையின் எலும்புகள் பத்தால்யா மடாலயத்தில் ராஜகுடும்பத்தார் துயிலும் மண்டபத்தில் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டன. அதே ஆண்டில் அவளும் இறந்தாள். வயது இருபத்துமூன்று. சாந்தா மரியா ஆலயத்தின் அந்த மேடையை, இரு குழந்தைகள் பட்டாடைகளின் பாரம் தாங்காமல் நின்றிருக்கக்கூடிய இடத்தை, பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓர் ஊரைச் சொந்தமாகப் பெறுவது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய அரண், எவ்வளவு சிறிய அரண் என்ற நினைவே மனத்தில் நின்றது.

ஆலயத்தைவிட்டு வெளியே வந்தால், சதுக்கத்தின் மேற்பகுதியில் ஒரு கற்றூண். ஊரின் தன்னாட்சிக்கு அடையாளமாகவும், குற்றவாளிகளைக் கட்டிவைத்து அவமானப்படுத்தும் இடமாகவும் போர்த்துகீசிய ஊர்கள்தோறும் இத்தகைய தூண் உண்டு. இங்குள்ள தூணின் ஒரு பக்கத்தில் ராஜ முத்திரை. மறுபக்கத்துக்குச் சுற்றி வந்தால் ஒரு மீன்வலை.

முதலில் அதை வலையென்றே நான் அறியவில்லை. காற்றும் மழையும் ஐந்நூறு ஆண்டுகள் தேய்த்த கல்லில் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகள், கீழே கூம்பி ஒரு பைபோல் தொங்குகின்றன. விரலால் தடவிப் பார்த்தபின்தான் முடிச்சுகள் தெரிந்தன. இறால் அள்ளும் கைவலை. கொடிகளும் சிங்கங்களும் கேடயங்களும் பொறிப்பது வழக்கமாக இருந்த காலத்தில், ஒரு மகாராணி தன் சின்னமாக மீனவனின் வலையை ஏன் தேர்ந்துகொண்டாள்?

அவள் பெயர் லியோனோர். சிறுவயதில் இவ்வூரில் மணமுடித்த இஸபெலின் மகனான இரண்டாம் ஜோவாவின் மனைவி. மிஞ்சியிருந்த ஒரே மகன் அபோன்ஸோ. ஸ்பெயின் தேசத்து அரசிளங்குமரியை மணந்து ஓராண்டுகூட நிறையாத அந்தப் பதினாறு வயதுப் பிள்ளை, 1491-ஆம் ஆண்டு ஜூலை மாதம், சாந்தரேமில் தேஜோ நதிக்கரையில் குதிரையோட்டும்போது விழுந்து நினைவிழந்தான். அருகிலிருந்த மீனவர்கள் தங்களிடம் வேறெதுவும் இல்லாத நிலையில் வலையில் ஏந்தித் தங்கள் குடிசைக்குக் கொண்டுபோனார்கள். அரசனும் அரசியும் ஓடிவந்தார்கள். பிள்ளை கண் திறக்கவில்லை. மகனைக் கடைசியாகத் தாங்கிய அந்த வலையை அவள் தன் சின்னமாக்கிக்கொண்டாள். துக்கம் ஆறுவதற்காக ஓபிதோஸில் வந்து தங்கினாள் என்று ஊரார் சொல்வர். சொந்த ஊர் அல்லவா? கணவனின் அரண்மனையில் கிடைக்காத தனிமை இங்கே கிடைத்திருக்கும். தண்டனைத் தூணில் அரச முத்திரையோடு சரிசமமாக அந்த வலை நிற்பதைக் காணும்போது, சோகத்தைச் சட்டத்துக்கு அருகே நிறுத்திய அந்தத் தாயின் துணிவை வியக்காமல் இருக்க முடியவில்லை.

அவள் துக்கத்தில் மட்டும் காலம் கழித்தவளுமல்லள். மகன் இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, ஓபிதோஸின் எல்லைக்குட்பட்ட நிலத்தில், வெந்நீர் ஊற்றுச் சேற்றில் ஏழை நோயாளிகள் முழுகிக் கிடப்பதை வழிப்பயணத்தில் கண்டு, பல்லக்கை நிறுத்தி விசாரித்து, 1485-ல் அங்கே ஓர் ஆஸ்பத்திரியை ஸ்தாபித்தாள். அதைச் சுற்றி எழுந்த ஊர்தான் இன்றைய கால்தாஸ் த ரெய்ன்யா. 'ராணியின் வெந்நீர் ஊற்று' என்பது அதன் பொருள். வாஸ்கோ த காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய அதே 1498-ஆம் ஆண்டில், நோயாளிகளுக்கும் கைதிகளுக்கும் அநாதைகளுக்கும் உதவுவதற்கென்று லிஸ்பனில் 'மிஸெரிகோர்தியா' என்ற கருணைச் சபையை அவள் நிறுவினாள். கோவாவிலும் கொச்சியிலும் பின்னர் எழுந்த மிஸெரிகோர்தியாக்கள் அதன் கிளைப்பயிர்களே. நம் கடற்கரைக்குப் பீரங்கி வந்த கப்பல்களிலேயே ஒரு தாயின் தர்மமும் வந்ததென்பதைச் சரித்திரம் எழுதுவோர் சேர்த்தே எழுத வேண்டும்.

மதிலுக்கு வெளியே வாயிலை ஒட்டி நிற்கும் நீர்ப்பாலம் மற்றொரு ராணியின் காரியம். மூன்றாம் ஜோவாவின் மனைவியும், பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தங்கையுமான கத்தரீனா, பதினாறாம் நூற்றாண்டில் தன் முதுமைக் காலத்தில், உஸெய்ரா என்ற இடத்து ஊற்றிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தூரத்துக்குக் கல்வளைவுகள்மீது நீரைக் கொண்டுவந்து ஊர்நடுவிலுள்ள நீர்த்தாரைகளில் விழச் செய்தாள். குன்றின் உச்சியில் குடியிருப்போருக்குத் தண்ணீர் என்பது எத்தகைய பாக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. ராணியின் கொடை என்றே இதைச் சொல்லுகிறார்கள். ஆனால் கொடைக்கு ஒரு விலையும் இருந்தது. அடிவாரத்துச் செழிப்பான சமவெளி நிலத்தை ஊரார் பதிலுக்கு ராணிக்கு விட்டுக்கொடுத்தனர். அந்த நிலத்தின் பெயர் இன்றும் 'ராணியின் வயல்' என்பதே. மேட்டுக்குத் தண்ணீர் வந்தது. பள்ளத்து மண் கைமாறிற்று. ராணிகளின் ஆட்சியைத் தாய்மையின் ஆட்சியாக மட்டும் வர்ணித்துவிடாமல், அது ஒரு நிலப்பிரபுவின் ஆட்சியும்தான் என்பதை இந்த வயல் நினைவூட்டுகிறது.

இந்தக் கத்தரீனாவின் பெயரைத் தமிழர் வேறொரு காரணத்துக்காகவும் நினைக்கலாம். அவள் ராணியாக வீற்றிருந்த 1554-ஆம் ஆண்டில்தான், அவள் கணவனின் ஆணைப்படி, லத்தீன் எழுத்துகளில் தமிழையும் போர்த்துகீசியத்தையும் சேர்த்து அச்சிட்ட ஜெப நூல் லிஸ்பனில் வெளிவந்தது. தமிழ்மொழி அச்சு வாகனம் ஏறியது அதுவே முதல் முறை. அதற்காக உழைத்தவர்கள் கடல் கடந்து அந்நகருக்குச் சென்ற மூன்று தமிழர்கள். அவர்கள் ஓபிதோஸைக் கண்டிருக்கக் காரணமில்லை. ஆயினும் இவ்வூர்த் தெருவில் நடக்கும் தமிழன் தன்னை முற்றும் அந்நியனாக உணர்வதில்லை. ஒரு வீட்டு வாயிலில் மூதாட்டி ஒருத்தி மருமகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மொழி தெரியாத என் காதில் இரண்டு சொற்கள் மட்டும் பளிச்சென்று விழுந்தன: 'ஜனேலா', 'ஷாவ்'. ஜன்னல், சாவி. மேஜையும் அலமாரியும் பீப்பாயும் கோப்பையும் இவ்வாறே அவர்கள் வீட்டிலிருந்து நம் வீட்டுக்குக் குடிவந்த சொற்கள். அவர்களுடைய ஆட்சி நம் கரையில் மறைந்துவிட்டது, ஜன்னல் மறையவில்லை.

மதில்மேல் ஏறி நடக்க அனுமதியுண்டு. சுற்றளவு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். வெளிப்புறம் மார்பளவுச் சுவர் காப்பளிக்கிறது; உட்புறமோ கைப்பிடி ஒன்றும் கிடையாது. எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் இங்கிருந்துதான் ஊரின் உள்வாழ்க்கை தெரிகிறது: தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத பின்கட்டுகள், எலுமிச்சை மரங்கள், கொடியில் உலரும் துணிகள், கூரை ஓட்டில் வெயில் காயும் பூனை. வடமுனையில் கோட்டை. 1755-ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்தில் சேதமுற்று, பின் பழுது பார்க்கப்பட்டு, 1951-ல் அரசாங்கம் நடத்தும் விருந்தினர் விடுதியாக அது மாறியது. ராணிகளின் இல்லம் என்ற ஸ்தாபனமோ 1834-ல், உள்நாட்டுப் போரில் வென்ற அரசியலமைப்புவாதிகளின் ஆட்சியில் மறைந்தது. பிற்காலத்துச் செய்தி ஒன்றைமட்டும் சொல்லிவிடுகிறேன். 1973-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி, சர்வாதிகாரத்தை வெறுத்த இளம் ராணுவ அதிகாரிகள் இவ்வூரில் இரகசியமாகக் கூடி ஆலோசித்தனர்; அடுத்த ஏப்ரலில், துப்பாக்கி முனையில் செம்மலர்கள் செருகிய அந்தப் புரட்சியால் 48 ஆண்டு சர்வாதிகாரம் வீழ்ந்தது. இன்று சந்தியாகோ ஆலயம் புத்தகக் கடையாக விளங்குகிறது; பலிபீடம் இருந்த இடம் வரை நூலடுக்குகள்.

இறங்கி வரும்போது மறுபடியும் சாந்தா மரியா ஆலயத்துக்குள் சென்றேன். காலையில் அவசரத்தில் பாராமல் விட்ட ஒரு பக்கப் பீடம் அங்கே உண்டு: புனித கத்தரீனாவின் பீடம். அறிஞர் கூட்டத்தோடு வாதிட்டு வென்றாள் என்று ஐதிகம் போற்றும் அந்தக் கன்னிகையின் பீடத்துக்கு 1661-ல் படங்கள் தீட்டியவள் ஜொஸேபா. ஒன்பது வயதுச் சிறுமி தலைகுனிந்து தாலிப்பேறு பெற்ற ஆலயத்தில், இருநூற்றிருபது ஆண்டுகள் கழித்து ஒரு பெண்ணே தூரிகை பிடித்து, கல்வியால் சபையை வென்ற ஒரு பெண்ணை வணக்கத்துக்கு வைத்திருக்கிறாள்.

ஜொஸேபா 1630-ல் செவில்யாவில் பிறந்தவள். தந்தை ஓபிதோஸைச் சேர்ந்த ஓவியர். தாய் ஸ்பெயின் நாட்டவள். சிறுவயதிலேயே தந்தையின் ஊருக்கு வந்தவள், வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கேயே கழித்தாள். மணம் செய்துகொள்ளவில்லை. சட்டப்படி தன் காரியங்களைத் தானே நடத்தும் உரிமை பெற்ற கன்னிகையாக, ஒப்பந்தம் எழுதி, கூலி பேசி, ஆலயங்களுக்கும் மடங்களுக்கும் பிரபுக்களுக்கும் படம் தீட்டிக் கொடுத்து ஜீவித்தாள். அவளுடைய படங்களுள் பலிபீடத்துப் படங்களைவிட எனக்கு நெருக்கமானவை அடுக்களைப் படங்கள்: இருண்ட பின்னணியில் ஒரு கூடை செர்ரிப் பழம், மாவுச் சர்க்கரை தூவிய பணியாரங்கள், ரிப்பன் கட்டிய பெட்டி, ஈரம் கசியும் மண்பாண்டம், மேஜைமேல் சிந்திக் கிடக்கும் சில பூவிதழ்கள். அப்பணியாரங்களின் விளிம்பு கருகியிருப்பதைக்கூட அவள் விடாமல் எழுதுகிறாள். மடத்துச் சகோதரிகளின் அடுப்பருகே நின்று பார்த்த கண் அது.

1684-ஆம் ஆண்டு ஜூலையில் இறந்தாள். சதுக்கத்துக்குச் சிறிது தூரத்திலுள்ள புனித பேதுரு ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டாள். தந்தைவழிப் பெயரும் தாய்வழிப் பெயரும் அவளுக்கு இருந்தன. ஆனால் படங்களின் ஓரத்தில் அவள் இட்ட கையெழுத்தில் பெரும்பாலும் ஊர்ப்பெயரே சேர்ந்து வருகிறது: ஓபிதோஸில் ஜொஸேபா. எத்தனையோ மகாராணிகளுக்கு இவ்வூர் சொந்தமாக இருந்தது. அவர்களில் ஒருவரையும் உலகம் ஊரின் பெயரால் அழைக்கவில்லை. ஒரு காணி நிலத்தையும் பரிசமாகப் பெறாத இந்த ஓவியப் பெண்ணைத்தான் ஓபிதோஸ் ஜொஸேபா என்று அழைக்கிறார்கள்.

புனித பேதுரு ஆலயத்துக் கதவு அன்று மாலை சாத்தியிருந்தது. படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். சற்று நேரத்தில் கோயிற்பிள்ளை வந்து, இடுப்பிலிருந்த பெரிய இரும்புச் சாவியை எடுத்துத் திறந்துவிட்டு, விளக்கைப் போடாமலே, உள்ளே போய்ப் பாருங்கள் என்று கையால் காட்டினார்.